லினக்ஸ் கணினியில் சீடி ரைட்டரை இயங்கவைத்தல்

[காட்சி: மேசையில் மடிக்கணினி, யூஎஸ்பி சீடி ரைட்டர், பழைய ஒலிநாடா]

வணக்கம். என் பெரியப்பா பாடிய தேவாரங்கள் இந்த ஒலிநாடாவிலிருந்து கணினிக்கு மாற்றப்பட்டுவிட்டன. ஆனால் வெள்ளவத்தையில் இருக்கும் பெரியம்மா, சீடி போட்டுக் கேட்கும் பழைய வானொலிப் பெட்டியையே இன்னும் பாவிக்கிறார். அவருக்கான இறுவட்டை, லினக்ஸ் வகைகளுள் ஒன்றான உபுண்டு நிறுவிய இந்தக் கணினியில் எழுதிக் காட்டுகிறேன்.

ரைட்டரை ஸ்கசி என்ற வேறோர் இணைப்பு முறையின் கருவியாகக் காட்டும் ஐடிஈ-ஸ்கசி வரியைத் தொடக்கக் கோப்பில் சேர்க்குமாறு பழைய குறிப்புகள் பல சொல்கின்றன. அது லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலின் 2.4 பதிப்புக் காலத்துத் தேவை. 2003 டிசெம்பரில் வெளிவந்த 2.6 கேர்னலோடு அது நீங்கிவிட்டது. இன்று தனி ட்ரைவர் எதுவும் வேண்டியதில்லை.

ரைட்டரை, ஒரே போர்ட்டைப் பல கருவிகளுக்குப் பகிரும் ஹப் வழியாக அன்றி, கணினியின் போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஅம்பியர் மட்டுமே. லேசர் எழுதத் தொடங்கும்போது அது போதாமற் போகலாம்.

[திரை: டெர்மினல்]

கட்டளைகளைத் தட்டெழுதும் இந்த டெர்மினல் சாளரத்தில், வட்டுக் கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை இட்டால், பட்டியலில் எஸ்ஆர்0 என்ற பெயரும் அதன் வகையாக ரொம் என்பதும் தெரிய வேண்டும். தெரிந்தால் கருவி தயார், மிஞ்சியிருப்பது அனுமதி. டெஸ்க்டொப்பில் நுழைந்திருக்கும் பயனருக்கு அது பெரும்பாலும் தானாகவே கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால், திரையில் உள்ளவாறு யூசர்மொட் கட்டளையால் உங்களைச் சீடிரொம் குழுவில் சேருங்கள். இங்கே மிகுந்த கவனம் தேவை: ஜி என்ற பெரிய எழுத்துக்கு முன்னால் வரும் ஏ என்ற சிறிய எழுத்தை விட்டுவிட்டால், நீங்கள் ஏற்கெனவே இருக்கும் மற்றக் குழுக்களிலிருந்து நீக்கப்படுவீர்கள், நிர்வாகியாகக் கட்டளையிடும் சூடோ உரிமையும் அதோடு போய்விடும். குழுப் பட்டியல் உள்நுழையும்போதே வாசிக்கப்படுவதால், ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையுங்கள்.

[திரை: கே3பி]

இனி இறுவட்டு எழுதும் கே3பி மென்பொருளைத் திறந்து, டேட்டா சீடியை அல்ல, ஓடியோ சீடியைத் தெரிவுசெய்யுங்கள். கோப்புகளை அப்படியே பதிந்த டேட்டா சீடியைப் பழைய வானொலிப் பெட்டிகள் பல வாசிப்பதில்லை. மொத்த நேரம் 80 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. வேகத்தை 16 மடங்காக வைத்தால், முழு இறுவட்டும் ஏறக்குறைய ஐந்து நிமிடத்தில் எழுதப்பட்டுவிடும். ‘டிஸ்க் அட் வன்ஸ்’ முறையில், லேசர் பதிகத்துக்குப் பதிகம் நிற்காமல் வட்டு முழுவதையும் ஒரே மூச்சில் எழுதும்.

சீடி-ஆர் வட்டில் ஒருமுறைதான் எழுத முடியும். ஆகவே முதலில் ஒத்திகைத் தெரிவை இட்டுப் பாருங்கள்; லேசர் எழுதாத நிலையில் எல்லாப் படிகளும் ஓடி, கணினி தடங்கலின்றித் தரவை ஊட்டுகிறதா என்பது தெரிந்துவிடும். அது சரியென்றால் உண்மையாக எழுதுங்கள்.

[காட்சி: யன்னல் வெளிச்சத்தில் இறுவட்டின் அடிப்பக்கம்]

சற்றுச் சரித்துப் பிடித்தால், எழுதப்பட்ட பகுதி நடுவிலிருந்து வேறு நிற வளையமாகத் தெரியும். வெளிவிளிம்பு நோக்கியே எழுதப்படுவதால், பழுது பெரும்பாலும் இறுதியில்தான் வரும். எனவே பெரியம்மாவின் பெட்டியில் கடைசிப் பதிகத்தையே முதலில் போட்டுக் கேட்கப் போகிறேன்.