டைனோசர் குளிர்ல வாழ்ந்துச்சா? – சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி: "டைனோசர்னாலே வெப்பக்காட்டைத்தான் காட்டுறாங்க. துருவப் பக்கம் இருந்துச்சா? இருந்தா, குளிர்காலத்துல தெற்கே வலசை போயிடுமா?"

இருந்துச்சுங்க. அலாஸ்காவோட வடகோடியில கோல்வில் ஆத்தங்கரைச் சரிவுகள்ல பிரின்ஸ் கிரீக்னு ஒரு பாறை அடுக்கு இருக்கு. வயசு சுமார் 7 கோடி வருஷம். அப்போ அந்த இடம் 80–85 டிகிரி வடக்கு அட்சரேகையில, இன்னைக்கு இருக்கிறதைவிட துருவத்துக்கு இன்னும் கிட்ட இருந்துச்சு. வருஷ சராசரி வெப்பநிலை 6 டிகிரி செல்சியஸ் பக்கம்தான். பனி விழும், ஏறக்குறைய நாலு மாசம் சூரியனே வராது.

வலசை விஷயத்துக்கு வர்றேன். ரொம்ப நாளா பலரும் அப்படித்தான் நம்பினாங்க. அதை மாத்தினது குட்டிகளோட பல்லு. சரிவு மண்ணை அள்ளி, சல்லடையில அலசி, மிஞ்சின மணலை மைக்ராஸ்கோப்ல வெச்சு ஒவ்வொரு துகளாப் பொறுக்கணும். கிடைக்கிற பல்லு ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர்தான். வெறும் கண்ணுல பார்த்தா மணல்னு தூக்கிப் போட்டுடுவோம். இப்படித் தேடினதுல குறைஞ்சது 7 வகை டைனோசரோட குஞ்சுகள் அங்கேயே பொரிஞ்சதுன்னு 2021-ல ஆய்வு வந்துச்சு.

இப்போ கணக்குப் போடுங்க. கருவோட பல்லுல நாளுக்கு ஒரு கோடு விழும்; அதை எண்ணினா முட்டைக்குள்ள எத்தனை நாள் இருந்துச்சுன்னு தெரியும். வாத்து அலகு டைனோசர்கள்ல ஹைபக்ரோசாரஸுக்கு ஏறக்குறைய 6 மாசம். வசந்தத்துல முட்டை போட்டா, பொரியும்போதே இருட்டு காலம் வாசல்ல நிக்கும். பிறந்த குஞ்சு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடக்க முடியுமா? அதனால வருஷம் முழுக்க அங்கேயேதான் இருந்திருக்கணும்.

இன்னொண்ணும் கவனிங்க. இதே மாதிரி மண்ணை அமெரிக்காவுல மொன்டானா பக்கம் அலசினா முதலைப் பல்லும் ஆமை ஓடும் கொட்டும். பிரின்ஸ் கிரீக்ல ரெண்டும் கிடைக்கல. வெயில்ல உடம்பைச் சூடேத்துற பிராணிகளால தாங்க முடியாத இடத்துல டைனோசர் இருந்திருக்கு. அப்போ அது உடம்புச் சூட்டை ஓரளவு தானே உண்டாக்கியிருக்கணும். எனக்கு பல்லைவிட இதுதான் பலமான சாட்சியாத் தெரியுது.

அதுக்காக எல்லா வகையும் குளிர் தாங்குச்சுன்னு எடுத்துக்காதீங்க. நீளக்கழுத்து சௌரோபாட் அங்க இதுவரை கிடைக்கல. ஏறக்குறைய அதே காலத்துல நம்ம நர்மதைப் பள்ளத்தாக்குல, வெப்பமான, வறட்சி வந்து போற சுண்ணாம்பு மண்ணுல, அதோட முட்டைகள் கூடு கூடாக் கிடைச்சிருக்கு.