அலைபேசிக் கதிரும் பேறுகால அச்சமும்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் சான்றோர்களே, தக்கலையில் இந்த மாலையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

அலைபேசி, வைஃபை, செல்போன் டவர் ஆகியவற்றின் கதிரை எண்ணிக் கருவுற்றவர்களும் குழந்தைக்காகக் காத்திருப்பவர்களும் அஞ்சுவது தேவையா, தேவையற்றதா என்ற தலைப்பில், தேவையற்றது என்னும் பக்கத்தில் நின்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன்னர் பேசிய எதிரணி அம்மையார் நான்கு சான்றுகளை அடுக்கினார். அலைபேசியை மிகுதியாகப் பயன்படுத்திய சுவிட்சர்லாந்து இளைஞர்களுக்கு விந்தணு குறைந்திருந்தது என்பது ஒன்று. அமெரிக்காவில் காந்தப் புலத்துக்கு ஆட்பட்ட கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவு கூடியது என்பது இரண்டாவது. யேல் பல்கலைக்கழகத்தில் கருவிலேயே அலைபேசிக் கதிர் பட்ட சுண்டெலிக் குட்டிகள் நிலைகொள்ளாமல் அலைந்தன என்பது மூன்றாவது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் இந்த அலைகளைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் வரிசையில் சேர்த்தது என்பது நான்காவது. அம்மையார் எதையும் இட்டுக்கட்டவில்லை. நான்கும் அச்சில் வந்த உண்மைகளே. ஆனால் அவர் சொன்ன முடிவுக்கு அந்த நான்கில் ஒன்றுகூட நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை என்பதுதான் என் வாதம்.

நடுவர் அவர்களே, கதிர் என்று சொன்னதும் அடிவயிறு கலங்குவதற்கு நம் குமரி மாவட்டத்து மக்களுக்குத் தனிக் காரணம் உண்டு. நம் கடற்கரையில் மணவாளக்குறிச்சியை ஒட்டிக் கறுத்துக் கிடக்கும் தாது மணலில் மோனசைட் என்னும் கனிமம் இருக்கிறது. மோனசைட்டில் கதிரை வெளியிடும் தோரியம் என்னும் தனிமம் இருக்கிறது. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டு, இந்தச் செல்வத்தை 1909-இல் கண்டறிந்து சொன்னவர் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலர். கேஸ் விளக்கின் மேன்டில் செய்யத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. அன்று தொடங்கி இன்றுவரை மணலும் கதிரும் புற்றுநோயும் நம் கடற்கரை ஊர்களில் ஒரே மூச்சில் பேசப்படும் செய்திகளாக இருக்கின்றன. அந்தப் பழைய கவலையைத்தான் நாம் இப்போது டவர் மீதும் கைப்பேசி மீதும் ஏற்றி வைத்திருக்கிறோம் என்று நான் கருதுகிறேன்.

தோரியத்திலிருந்து வெளிப்படும் கதிருக்கு அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் வலு உண்டு. அதனால் அது உயிரணுவின் மரபுப் பொருளை உடைக்க வல்லது. அதற்கு, அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகான எலக்ட்ரான் வோல்ட்டில் சொன்னால், ஏறத்தாழ 10 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். 900 அல்லது 1800 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் அலைபேசி அலையின் ஒரு துகளில் இருப்பது அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. முப்பதடித் தென்னையில் தொங்கும் காயைப் பத்தடித் துரட்டி வைத்திருப்பவர் ஆயிரம் பேர் சேர்ந்து நின்றாலும் பறிக்க முடியாது. எண்ணிக்கை கூடுவதால் எட்டும் உயரம் கூடுவதில்லை. அலைபேசி அலையால் உடலில் செய்ய முடிந்தது என்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டிருப்பது ஒன்றே ஒன்றுதான். அது திசுவைச் சற்றே சூடாக்கும்.

அந்தச் சூட்டுக்குத்தான் வரம்பு கட்டியிருக்கிறார்கள். விலங்குகளின் நடத்தையில் மாறுதல் தெரியத் தொடங்கியது, உடல் முழுவதும் கிலோவுக்கு 4 வாட் ஆற்றல் ஏறியபோது. பொதுமக்களுக்குப் பன்னாட்டு வழிகாட்டுதல் அனுமதிப்பது 0.08 வாட், அதாவது ஐம்பதில் ஒரு பங்கு. நம் நாட்டில் 2012 செப்டம்பர் 1 முதல் டவர்களுக்கான வரம்பை அந்தப் பன்னாட்டு அளவிலும் பத்தில் ஒன்றாகக் குறைத்தார்கள். கைப்பேசிக்கு, ஒரு கிராம் திசுவில் கணக்கிட்டுக் கிலோவுக்கு 1.6 வாட் என்பதை உச்சவரம்பாக்கினார்கள்.

மணலுக்கு ஒரு நிமிடம் திரும்ப நடுவர் அனுமதிக்க வேண்டும். கொல்லம் மாவட்டத்துச் சவரை, நீண்டகரைப் பகுதியிலும் இதே மோனசைட் மணல்தான். அங்கே 1995 முதல் பல ஆண்டுகள், மருத்துவமனைகளில் பிறந்த ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்து, பிறவிக் குறைபாடுகளுக்கும் இயற்கைக் கதிரின் அளவுக்கும் தொடர்பு உண்டா என்று பார்த்தார்கள், தொடர்பு தென்படவில்லை. மணல் ஆலைக்கு வக்காலத்து வாங்குவதற்காக இதை நான் சொல்லவில்லை. அது வேறு மேடையில், வேறு தலைப்பில், சூடாகவே பேச வேண்டிய பொருள். அணுவை உடைக்க வல்ல கதிரே அந்த அளவில் அங்குள்ள தாய்மாரின் கருவைச் சிதைத்ததாகக் காண முடியவில்லை என்றால், உடைக்கும் வலுவே இல்லாத அலையை எண்ணிக் கருவுற்ற பெண் இரவெல்லாம் விழித்திருப்பது எந்த நியாயத்தில் சேரும் என்றுதான் கேட்கிறேன்.

இனி அம்மையாரின் சான்றுகள். அவற்றில் வலுவானது சுவிட்சர்லாந்து ஆய்வு. ஆகவே அதற்கே அதிக நேரம் தருகிறேன். 2005 முதல் 2018 வரை, ராணுவச் சேர்க்கைக்கு வந்த 18 முதல் 22 வயதுடைய 2,886 இளைஞர்களை ஆராய்ந்து 2023-இல் வெளியிட்டார்கள். வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் அலைபேசியைத் தொடாதவர்களுக்கு ஒரு மில்லிலிட்டரில் 5.65 கோடி விந்தணுக்கள் இருந்தன. நாளொன்றுக்கு இருபது முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 4.45 கோடி. அம்மையார் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார். உலக சுகாதார நிறுவனம் இயல்பு நிலையின் கீழ் எல்லையாகக் கொள்வது 1.6 கோடி என்பதையும், இரு சாராருமே அதற்கு வெகு மேலே நிற்கிறார்கள் என்பதையும் அவர் சொல்லவில்லை. விந்தணுவின் ஓட்டத்திலோ வடிவத்திலோ அப்படியொரு சீரான தொடர்பு காணப்படவில்லை என்பதையும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அலைபேசியைக் கால்சட்டைப் பையில் வைத்திருந்தவர்களுக்கும் வேறிடத்தில் வைத்திருந்தவர்களுக்கும் வேறுபாடு இல்லை என்று அதே ஆய்வு கூறுகிறது. கதிர்தான் காரணம் என்றால், கதிர் வரும் கருவி விதைப்பைக்கு அருகிலேயே இருந்தவருக்கல்லவா கேடு கூடியிருக்க வேண்டும்?

அந்த ஆய்வில் இன்னொன்றும் உண்டு. 2005 முதல் 2007 வரை வந்தவர்களிடம் தெளிவாகத் தெரிந்த தொடர்பு, ஆண்டுகள் செல்லச் செல்ல மங்கிக்கொண்டே போயிற்று. 2ஜி கருவிகள் கூடிய வலுவில் அலையை வீசின, பின்வந்தவை குறைத்துக்கொண்டன, ஆகவே கதிருக்குப் பங்கு இருந்தது என்று எதிரணியினர் இதைத் தம் பக்கம் இழுக்கலாம், இழுக்கட்டும். அப்படியே ஒப்புக்கொண்டாலும், நாம் அஞ்ச வேண்டிய கருவி நம் கையை விட்டுப் போய்விட்டது என்றல்லவா பொருள்? தம் பழக்கத்தைத் தாமே வினாத்தாளில் எழுதித் தந்தவர்களின் வாக்குமூலம் அது. நாளொன்றுக்கு இருபது முறைக்கு மேல் அலைபேசியை எடுக்கும் இளைஞனின் உறக்கமும் உடலுழைப்பும் மன அழுத்தமும் மற்றவரைப் போலவே இருக்குமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கருச்சிதைவு பற்றிய 2017-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில் 913 கர்ப்பிணிகள் ஒரு நாள் முழுவதும் அளவுமானியை உடலோடு வைத்திருந்தார்கள். அந்த மானி அளந்தது எதை? 40 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரையிலான காந்தப் புலத்தை. அதாவது மின்கம்பி, மோட்டார், மிக்ஸி போன்றவற்றைச் சுற்றி எழுவதை. அலைபேசியும் வைஃபையும் இயங்குவது கோடிக்கணக்கான ஹெர்ட்ஸில். அலைபேசியின் அலையை அந்த மானி அளக்கவே இல்லை. அளக்காத ஒன்றின் மீது பழி போடுவதற்கு அந்த ஆய்வைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது. கர்ப்பிணிகளின் அலைபேசிப் பயன்பாட்டையே நேராகக் கேட்டறிந்த நார்வே நாட்டு ஆய்வு 2015-இல் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளை ஆராய்ந்த அதில், தாயின் பயன்பாட்டால் பேறுகாலத்தில் தீய விளைவு எதுவும் கூடியதாகத் தெரியவில்லை.

யேலில் 2012-இல் நடந்த எலி ஆய்வில், பேச்சு இணைப்பில் இருந்த அலைபேசியைக் கூண்டின் மேல் சில அங்குல உயரத்தில், கர்ப்பகாலம் முழுவதும் வைத்திருந்தார்கள். சுண்டெலியின் கருவுக்கும் வெளியுலகுக்கும் இடையே இருப்பது சில மில்லிமீட்டர் சதை. மனிதத் தாயின் வயிற்றுத் தோலும் கொழுப்பும் தசையும், பனிக்குட நீரும் இந்த அலையின் பெரும்பகுதியை முதற் சில சென்டிமீட்டர்களிலேயே உறிஞ்சிவிடுகின்றன. புற்றுநோய் முகமையின் வரிசையைப் பற்றி ஒரு வரி போதும்: அது மூளைக் கட்டியை முன்னிட்டுச் செய்த வகைப்பாடு, கருவைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

எதிரணி கையில் எடுக்காத சான்று ஒன்றை நானே தருகிறேன். மறைத்து வெல்ல நான் விரும்பவில்லை. உலக சுகாதார நிறுவனத்துக்காகத் தொகுக்கப்பட்டு 2024-இல் வந்த ஆய்வுத் திரட்டு ஒன்று, இந்த அலைகளுக்கு ஆட்பட்ட ஆண் விலங்குகளோடு சேர்ந்த பெண் விலங்குகள் கருத்தரிக்கும் விகிதம் குறைந்தது என்று கூறியது. பின்னர் 2025-இல் வந்த திருத்தம் அந்த முடிவின் உறுதிநிலையை உயர்த்தியது. இது புறந்தள்ளக் கூடியதன்று. ஆயினும் அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை நாம் அன்றாடம் பெறுவதைப் போலப் பல மடங்கு வீச்சில் நடந்தவை. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தனியே தொகுத்தபோது கிடைத்த சான்று மிகவும் வலுக்குறைந்தது என்றே எழுதினார்கள். ஆராய்ச்சியைத் தொடரப் போதிய காரணம் இது. வீட்டில் வைஃபை இருப்பதால்தான் மருமகளுக்குக் கரு தங்கவில்லை என்று ஒரு மாமியார் தீர்ப்பு எழுதுவதற்கு இது போதாது. மடியில் மடிக்கணினியை வைத்து வேலை செய்யும் மகனை மேசைக்கு மாறச் சொல்லுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. ஒரு மணி நேரத்தில் விதைப்பையின் வெப்பம் 2.5 டிகிரிக்கும் மேல் ஏறுவதை 2005-இலேயே அளந்திருக்கிறார்கள். அங்கே குற்றவாளி கணினியின் சூடும், தொடைகளை ஒடுக்கி உட்காரும் முறையும்தான்.

"பயந்து ஒதுங்கினால் என்ன நட்டம்?" என்று எதிரணித் தலைவர் கேட்டார். மிக நல்ல கேள்வி. 1986-இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது கிரேக்க நாட்டில் விழுந்த கதிர், கருவைப் பாதிக்கும் அளவுக்கு மிகக் கீழே இருந்தது. ஆயினும் வதந்தியும் குழப்பமான அறிவுரைகளும் சேர்ந்து, விரும்பிச் சுமந்த ஏறத்தாழ 2,500 கருக்களை அங்கே கலைக்கச் செய்தன என்று மறு ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அந்தக் கருக்களை அழித்தது கதிரன்று, அச்சம்.

நம் மாவட்டத்துக்கே வருவோம். பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாறு வரையிலான மலைப்பகுதியில் சிக்னல் கிடைப்பதே அரிது. டவரோடு தொடர்பு மங்கும்போது கைப்பேசி தன் வலுவைக் கூட்டிக்கொண்டுதான் பேசும். டவர் அருகில் இருந்தால் குறைத்துக்கொள்ளும். ஆகவே ஊருக்குள் டவர் வரக்கூடாது என்று போராடி விரட்டும்போது, காதோரத்தில் வாங்கும் அலையை நாமே கூட்டிக்கொள்கிறோம். எதிரணியினர் டவருக்கு எதிராக இவ்வளவு பேசியும் இந்தக் கணக்கைத் தொடவே இல்லை. நிறைமாதத்தில் வலி கண்ட பெண் 108-ஐ அழைக்க வேண்டும். கிராம சுகாதார செவிலியர் அவளை அழைத்து ரத்த அழுத்தத்தைப் பற்றி விசாரிக்க வேண்டும். அந்தக் கருவியை அணைத்து அலமாரியில் வைக்கச் சொல்லும் அறிவுரையால் நட்டமே இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

அஞ்சத்தான் வேண்டுமென்றால் அஞ்சுவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. பேறுகால ரத்த அழுத்தம், சர்க்கரை, புகையிலை, விறகடுப்புப் புகை ஆகியவற்றால் தாய்க்கும் சேய்க்கும் விளையும் தீங்கு நிறுவப்பட்டு நெடுங்காலம் ஆகிறது. கதிரைத் தடுக்கும் என்று சொல்லி விற்கும் ஸ்டிக்கருக்குக் காசு கொடுத்துவிட்டு, அரசு இலவசமாகத் தரும் இரும்புச்சத்து மாத்திரையை வயிற்றைப் புரட்டுகிறது என்று வீசிவிடும் வீட்டில் பேறுகாலக் கவனம் இருப்பதாக நான் ஒப்ப மாட்டேன்.

ஹெட்செட் போட்டுப் பேசுங்கள், வயிற்றின் மேல் கைப்பேசியை வைத்துக்கொண்டு உறங்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் நான் மறுக்கவில்லை. அதில் செலவும் இல்லை, அச்சமும் இல்லை. எதிரணியிலிருந்து அடுத்துப் பேச வருபவரிடம் ஒரே ஒரு கேள்வியை வைத்து அமர்கிறேன். வரம்புக்கு உட்பட்ட அலைபேசி அலையால்தான் ஒரு மனிதக் கரு கேடுற்றது என்று, மானியில் அந்த அலையையே அளந்து காட்டிய ஆய்வு ஒன்றை அவர் நடுவர் முன் வைப்பாரா?

நன்றி, வணக்கம்.