ஏப்ரல் 23: ஒரு தேதியும் பல நாள்களும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டின் ஏதேனும் ஒரு நாளை எடுத்துக்கொண்டு, அன்று பிறந்தோரையும் மறைந்தோரையும் நிகழ்ந்தவற்றையும் வரிசைப்படுத்திச் சொல்வது எளிய வேலையாகத் தோன்றும். இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் ஏப்ரல் 23, அந்த எளிமையை நம்பி ஏமாறுவதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

1616ஆம் ஆண்டு ஏப்ரல் 23 அன்று இங்கிலாந்தில் ஷேக்ஸ்பியரும் ஸ்பெயினில் செர்வாண்டிஸும் மறைந்தார்கள் என்ற செய்தியை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். இரு பெரும் மொழிகளின் தலைமகன்கள் ஒரே நாளில் கண்மூடினார்கள் என்பது மனத்தைக் கவரும் செய்திதான். ஆனால் அப்படி நடக்கவில்லை.

ஜூலியஸ் சீசர் வகுத்த நாள்காட்டி ஓர் ஆண்டுக்கு முந்நூற்று அறுபத்தைந்தேகால் நாள் என்று கணக்கிட்டது. சூரிய ஆண்டைவிட அது ஏறக்குறைய 11 நிமிடம் கூடுதல். நிமிடக் கணக்கிலான அந்தப் பிழை நூற்றாண்டுதோறும் சேர்ந்து சேர்ந்து, பதினாறாம் நூற்றாண்டில், பகலும் இரவும் சமமாக இருக்கும், மார்ச் 21இல் வர வேண்டிய சம இரவு நாள் மார்ச் 11க்கே வந்துவிட்டது. ஈஸ்டர் திருநாளின் கணக்கு அதைச் சார்ந்திருந்ததால், போப் பதின்மூன்றாம் கிரகோரி 1582இல் ஒரு சீர்திருத்தத்தை அறிவித்தார்: அக்டோபர் 4, வியாழக்கிழமைக்கு அடுத்த நாள் அக்டோபர் 15, வெள்ளிக்கிழமை என்று கொள்ளப்பட்டது. கத்தோலிக்க நாடான ஸ்பெயின் உடனே பின்பற்றியது. போப்பின் ஆணைக்குக் கட்டுப்பட விரும்பாத இங்கிலாந்தோ பழைய கணக்கிலேயே 170 ஆண்டுகள் நின்று, 1752இல்தான் மாறியது.

ஆகவே 1616இல் இரு நாடுகளுக்கும் இடையே பத்து நாள் வேறுபாடு இருந்தது. இங்கிலாந்தின் ஏப்ரல் 23 ஒரு செவ்வாய்க்கிழமை. ஸ்பெயினின் ஏப்ரல் 23 ஒரு சனிக்கிழமை. ஷேக்ஸ்பியர் இறந்த நாளை ஸ்பெயினின் நாள்காட்டியில் தேடினால் மே 3 என்று இருக்கும். போதாக்குறைக்கு, செர்வாண்டிஸ் மாட்ரிட்டில் இறந்தது 22ஆம் தேதி என்றும், 23 என்பது அவரை அடக்கம் செய்த நாள் என்றும் ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். அக்கணக்கின்படி இருவர் மறைவுக்கும் இடையே பதினொரு நாள் இடைவெளி விழுகிறது. ஷேக்ஸ்பியரின் பிறந்த நாளாக ஏப்ரல் 23ஐச் சொல்வதும் ஊகமே. 1564 ஏப்ரல் 26 அன்று அவருக்கு ஞானஸ்நானம் அளிக்கப்பட்டதற்கே பதிவு உண்டு. இங்கிலாந்தின் காவல் புனிதரான ஜார்ஜின் திருநாள் 23ஆம் தேதி என்பதால், நாட்டின் பெருங்கவிஞரும் அன்றே பிறந்திருக்க வேண்டும் என்று பிற்காலத்தார் ஆசைப்பட்டதில் வியப்பில்லை.

ஸ்பெயினில் 1926இல் தொடங்கிய புத்தக நாள் முதலில் அக்டோபர் 7இல் கொண்டாடப்பட்டு, 1930இல் ஏப்ரல் 23க்கு மாற்றப்பட்டது. 1995இல் யுனெஸ்கோ அதையே உலகப் புத்தக, பதிப்புரிமை நாளாக அறிவித்தது. அடிப்படைச் செய்தி சற்றே பிசகியிருந்தாலும், புத்தகத்துக்கென்று ஒரு நாள் கிடைத்ததில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

நாள்காட்டியின் விளையாட்டை நன்கு அறிந்து, அதை ரசித்த எழுத்தாளர் ஒருவர் உண்டு. விளாதிமிர் நபகோவ் 1899இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தபோது ரஷ்யாவின் பழைய கணக்கில் ஏப்ரல் 10. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரு கணக்குகளுக்கும் இடையே 12 நாள் வேறுபாடு என்பதால், புதிய கணக்கில் அது ஏப்ரல் 22. ஆனால் 1900ஆம் ஆண்டு பழைய கணக்கில் மிகுநாள் ஆண்டாகவும் (பிப்ரவரிக்கு 29 நாள்) புதிய கணக்கில் சாதாரண ஆண்டாகவும் அமைந்ததால் வேறுபாடு 13 ஆயிற்று. பழைய ஏப்ரல் 10 அதன் பின் ஏப்ரல் 23இல் விழுந்தது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தமக்கு இருந்தபோது, அவர் ஷேக்ஸ்பியரின் நாளையே விரும்பி எடுத்துக்கொண்டார். இசையமைப்பாளர் புரோகோஃபியெவின் சிக்கல் வேறு வகை. 1891இல் பழைய கணக்கின் ஏப்ரல் 11இல் பிறந்ததாகவே அவர் கருதினார். புதிய கணக்கில் அது நேராக 23. ஆனால் அவருடைய பிறப்புச் சான்றிதழோ பழைய கணக்கின் ஏப்ரல் 15, அதாவது புதிய கணக்கின் 27 என்கிறது.

அயர்லாந்தின் குளோன்டார்ஃப் போர் 1014இல் இதே தேதியில், புனித வெள்ளியன்று நடந்தது. இன்றைய கணக்குக்கு மாற்றினால் அது ஏப்ரல் 29 ஆகிவிடும், ஆனால் யாரும் மாற்றுவதில்லை. கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1850இலும், முதல் உலகப் போரில் படைவீரராகச் சென்ற கவிஞர் ரூபர்ட் புரூக் 1915இலும், திரைப்பட மேதை சத்யஜித் ராய் 1992இலும் இந்தத் தேதியில் மறைந்தனர். யூடியூப் தளத்தில் முதல் காணொளி ஏற்றப்பட்டதும் 2005இன் ஏப்ரல் 23இல்தான்.

நான் விரிவாகப் பேச விரும்புவது வேறோர் இணையைப் பற்றி. 1858 ஏப்ரல் 23 அன்று ஜெர்மானியக் கடற்கரை நகரமான கீலில் இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்க் பிறந்தார். அதே ஆண்டு, அதே தேதியில், மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் சமூகச் சீர்திருத்தவாதி பண்டித ரமாபாய் பிறந்தார். இருவருக்கும் ஒரே நாள்காட்டி. மாற்றிக் கணக்கிட ஏதும் இல்லை. உண்மையிலேயே ஒரே நாளில் பிறந்த இவ்விருவரையும் இணைத்துப் பேசுவோர் அரிது.

பிளாங்க் வழிவழியாகக் கல்வியில் சிறந்த குடும்பத்தில் பிறந்தவர். ரமாபாய்க்குக் கல்வி கிடைத்ததே ஒரு கலகத்தின் விளைவு: அவருடைய தந்தை அனந்த சாஸ்திரி, சாதியினரின் எதிர்ப்பை மீறித் தம் மனைவிக்குச் சமஸ்கிருதம் கற்பித்தவர். அந்தத் தாயிடம் பயின்ற மகள், பஞ்சத்தில் பெற்றோரை இழந்து, அண்ணனோடு கால்நடையாக நாடு சுற்றி, 1878இல் கல்கத்தா அறிஞர்களிடம் ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ என்ற பட்டங்களைப் பெற்றார். 1882இல் புனேயில் ஆரிய மகளிர் சமாஜத்தை நிறுவினார். அவ்வாண்டே ஆங்கிலேய அரசு அமைத்த ஹண்டர் கல்விக் குழுவின் முன் சாட்சியம் அளித்து, பெண்களுக்குப் பெண் மருத்துவர்களும் பெண் ஆசிரியர்களும் வேண்டும் என்று வாதிட்டார். 1889இல் பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதனைத் தொடங்கினார். கிறித்தவராக மாறியதற்காகக் கடும் கண்டனங்களுக்கு ஆளானபோதும் அவர் பணி நிற்கவில்லை.

பிளாங்க் 1900 டிசம்பர் 14 அன்று பெர்லினில், ஆற்றல் தொடர்ச்சியாக அன்றித் துணுக்குத் துணுக்காகவே பரிமாறப்படுகிறது என்ற கருத்தை முன்வைத்தார். குவாண்டம் இயற்பியல் அங்கே தொடங்கியது. இயல்பில் மரபுவாதியான அவருக்கே அக்கருத்து நெடுங்காலம் உவப்பாக இல்லை. 1918ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது 1919இல். அதே 1919இல் ரமாபாய்க்கு ஆங்கிலேய அரசின் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் கிடைத்தது.

பிள்ளைகளை முன்னே அனுப்பிய துயரமும் இருவருக்கும் நேர்ந்தது. பிளாங்க்கின் மூத்த மகன் முதல் உலகப் போரில் மாண்டார். இரட்டையரான மகள்கள் இருவரும் மகப்பேற்றில் இறந்தனர். மற்றொரு மகன் எர்வின், ஹிட்லருக்கு எதிரான சதியில் தொடர்புடையவர் என்று 1945 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார். ரமாபாயின் ஒரே மகள் மனோரமா, தாயின் நிறுவனங்களை ஏற்று நடத்துவார் என்று எதிர்பார்க்கப்பட்டவர், 1921இல் காலமானார். விவிலியத்தை மராட்டியில் மொழிபெயர்க்கும் பணியில் ஈடுபட்டிருந்த ரமாபாய், மகளை இழந்த பிறகும் அதைக் கைவிடாமல், 1922 ஏப்ரல் 5 அன்று தாம் இறப்பதற்கு முன் முடித்துவிட்டார்.