மீடியன் தடுப்பு: எது வைப்பது என்பதைவிட எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல்

வணக்கம் மக்களே. இன்றைக்கு மேசையில் மூன்று சாமான்கள்: ஒரு பொம்மைக் கார், நடுவில் மடித்த அட்டை ஒன்று, கொஞ்சம் நூல். கார் என் பையனுடையது. அரை மணி நேரத்துக்குத்தான் கடன் கொடுத்திருக்கிறான். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சாலை வடிவமைப்பு வேலையில் இருக்கிறேன் என்று சொன்னதுமே பலரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "எதிர்ப்பக்கத்து வண்டி மீடியனைத் தாண்டி வந்து மோதுகிறதே, நடுவில் நெடுக ஒரு கான்கிரீட் சுவர் கட்டிவிட்டால் என்ன?" மீடியன் என்றால் இரு திசைச் சாலைகளுக்கும் நடுவில் விடும் இடம். நியாயமான கேள்விதான். ஆனால் தடுப்பும் மோதுவதற்கு ஒரு பொருள்தானே. அகலமான புல் மீடியனில் தடம் தவறிய கார் பெரும்பாலும் தானாக நின்றுவிடும், இல்லை ஓட்டுநர் திருப்பிச் சாலைக்குக் கொண்டுவந்துவிடுவார். அங்கே ஒரு சுவர் வைத்தால் அந்தக் கார் இப்போது சுவரில் மோதும். தடுப்பு வைத்த சாலையில் விபத்துகளின் எண்ணிக்கை கூடுவது வழக்கம். ஆனால் நேருக்கு நேர் மோதும் கொடூரமான விபத்துகள் குறையும். தடுப்பில் மோதுவதைவிட மோதாமல் போவது மோசமாக இருக்கும் இடத்தில்தான் தடுப்புக்கு வேலை.

அது எந்த இடம் என்று எப்படி முடிவு செய்வது? முதலில் பார்ப்பது இரண்டு எண்கள்: மீடியனின் அகலம், ஒரு நாளைக்குப் போகிற வண்டிகள். அமெரிக்க மாநில நெடுஞ்சாலை, போக்குவரத்து அதிகாரிகளின் சங்கமான ஆஷ்டோ (AASHTO) தன் சாலையோர வடிவமைப்புக் கையேட்டில் 2006-இல் திருத்திய பரிந்துரை பல நாட்டுப் பொறியாளர்களுக்கும் தெரிந்தது. வேகமாகப் போகிற, குறுக்குச் சாலைகள் இல்லாத நெடுஞ்சாலையில் மீடியன் சுமார் 9 மீட்டர் அல்லது அதற்கும் குறைவு, நாளொன்றுக்கு 20,000 வண்டிகளுக்கு மேல் என்றால் தடுப்பு வையுங்கள். 9 முதல் 15 மீட்டர் வரை என்றால் ஆராய்ந்து முடிவெடுங்கள். 15 மீட்டருக்கு மேல் என்றால் உங்கள் விருப்பம்.

இந்த 15 மீட்டர் என்ற எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடும். 15 பாகைக் கோணத்தில் தடம் தவறினால், 15 மீட்டர் மீடியனைக் கடக்க அது ஓடும் தூரம் சுமார் 58 மீட்டர். பிரேக் பிடிக்காவிட்டால் இரண்டே நொடி! தூங்கிவிட்ட ஓட்டுநருக்கு இரண்டு நொடியில் என்ன தெரியும்? அதனால்தான் 15 மீட்டரைவிட அகலமான மீடியன்களிலும், ஏற்கெனவே தாண்டி மோதிய விபத்துகள் நடந்த இடங்களில் தடுப்பு வைக்கிறார்கள். அகலத்தையும் வண்டி எண்ணிக்கையையும் வைத்துப் போட்ட வரைபடத்தில் புள்ளி எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. அந்த இடத்தின் விபத்துப் பதிவை ஒரு முறையாவது புரட்ட வேண்டும்.

சரி, வைப்பதாக முடிவாகிவிட்டது. எந்த வகை? கேபிள், டபிள்யூ வடிவத் தகடு, கான்கிரீட் என்று பெரிதாக மூன்று. கேபிள் நன்றாக வளைந்துகொடுக்கும், தகடு ஓரளவு, கான்கிரீட் அசையவே அசையாது. வளைந்துகொடுத்தால் காருக்குள் இருப்பவருக்கு அடி குறைவு. ஆனால் வளைய இடம் வேண்டும். இறுக்கம் அதிகமான கேபிள் தடுப்பு ஒரு மோதலில் சுமார் 2 முதல் 2.5 மீட்டர் வரை பின்வாங்கும். பழைய தளர்வான வகை 3.5 மீட்டர் வரைகூடப் போகும். தகடு ஏறக்குறைய ஒரு மீட்டர். இந்தத் தூரம் எதிர்ப்பக்கச் சாலைக்குள் நீண்டால் தடுப்பு இருந்தும் பயனில்லை. மூன்று மீட்டர் மீடியனில் கேபிள் வேண்டும் என்று யாராவது கேட்டால் பதில் இதுதான். அங்கே தகடோ கான்கிரீட்டோதான் வழி.

அடுத்தது, எந்த வண்டியை நிறுத்த வேண்டும். தடுப்புகளில் வண்டியை மோதவிட்டுச் சோதிப்பதற்கான மாஷ் (MASH) என்ற அமெரிக்கக் கையேட்டின் முதல் பதிப்பு 2009, அடுத்தது 2016. அதில் மூன்றாம் நிலை என்றால் 1,100 கிலோ காரும் 2,270 கிலோ பிக்கப்பும் 100 கிலோமீட்டர் வேகத்தில் 25 பாகையில் மோதித் தாங்க வேண்டும். நான்காம் நிலையில் இவற்றோடு 10 டன் லாரியும் சேரும், 90 கிலோமீட்டர், 15 பாகை. ஐந்தாம் நிலைக்கு 36 டன் டிரெய்லர், 80 கிலோமீட்டர். கனரக வண்டிகள் மொய்க்கும் சாலை, கூடவே வளைவு, இறக்கம் என்றால் மூன்றாம் நிலையோடு நிறுத்திக்கொள்வது சிக்கனம் இல்லை. நான்காம் நிலைக்குக் கான்கிரீட் சுமார் 915 மில்லிமீட்டர் உயரம், ஐந்தாம் நிலைக்கு 1,070 வேண்டும்.

கான்கிரீட் என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது ஜெர்சி தடுப்பு, அடியில் அகன்று மேலே ஒடுங்கியது. லேசான கோணத்தில் உரசினால் டயர் அடிச்சரிவில் ஏறி இறங்கி, பாடி நசுங்காமல் கார் திரும்பிவிடும். நல்ல யோசனைதான். ஆனால் அந்தச் சரிவு 330 மில்லிமீட்டர் உயரம் வரை போகிறது. சின்னக் கார் அதில் அதிகமாக ஏறிக் கவிழ்ந்துவிடுகிறது. அதனால் எஃப் வடிவம் வந்தது. அதில் சரிவு முறிகிற இடம் 255 மில்லிமீட்டர். வெறும் 75 மில்லிமீட்டர் வித்தியாசம்! அப்புறம் ஒரே சரிவாக எழும் வகை ஒன்று. எனக்குப் பிடித்தது இதுதான், காரணம் ரொம்பச் சாதாரணம். சாலைக்கு மேல் புதுத் தார் போட்டால் ஜெர்சியின் அடிப்பகுதி மூடிப்போய் வடிவமே மாறும். ஒற்றைச் சரிவில் உயரம் குறையுமே தவிர வடிவம் மாறாது. உயரத்தை மட்டும் கொஞ்சம் கூட்டிக் கட்டிவிட்டால் வருங்காலத் தாருக்கும் சேர்த்தாகிவிட்டது.

தகட்டுக்கும் இதே தொல்லை உண்டு. இப்போதைய தகட்டின் மேல் விளிம்பு தரையிலிருந்து 787 மில்லிமீட்டர். மேலே 75 மில்லிமீட்டர் தார் போட்டுவிட்டுக் கம்பத்தை உயர்த்தாமல் போனால், உயரமான பிக்கப் அதன்மேல் ஏறித் தாண்டப் பார்க்கும். தார் போடும் வேலை ஒருவருடையது, தடுப்பு இன்னொருவருடையது என்று பிரிந்து கிடக்கும்போது இது யார் கண்ணிலும் படுவதில்லை.

சரி, இப்போது அந்த அட்டையைக் கொஞ்சம் கிட்ட எடுக்கிறேன். பாருங்கள், நடுவில் பள்ளம், இரு பக்கமும் சரிவு. நிறைய அகல மீடியன்கள் இப்படித்தான், மழைநீர் நடுவில் ஓடுவதற்காக. சரிவு ஆறுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம்: ஆறு மீட்டர் தள்ளிப் போனால் ஒரு மீட்டர் இறக்கம். கேபிளை எங்கே நட வேண்டும்?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பள்ளத்தின் நடுவிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி ஒரு கோடு போட்டுக்கொண்டு போனேன். நடுவில் தண்ணீர் தேங்கும், ஓரத்தில் வைத்தால் அடிக்கடி இடிபடும், இரண்டுக்கும் நடுவில் என்று என் கணக்கு. மூத்த பொறியாளர் ஒன்றும் சொல்லவில்லை. இதே மாதிரி ஒரு பொம்மைக் காரை எடுத்து மேசையில் ஓட்டிக் காட்டினார். அதையே உங்களுக்கும் காட்டுகிறேன்.

கார் தோளைவிட்டு, அதாவது ஓடுதளத்தை ஒட்டிய ஓரப் பட்டையைவிட்டு இறங்குகிறது. விளிம்பில் சரிவு தொடங்கும் இடத்தில் அப்படியே லேசாகப் பறக்கிறது. பிறகு பள்ளத்தின் அடியில் வந்து விழுகிறது. விழுந்ததும் ஸ்பிரிங் எல்லாம் அமுங்கி மூக்கு தரையைத் தொடுகிற மாதிரி தாழ்கிறது. அந்தத் தாழ்ந்த நிலையிலேயே எதிர்ச்சரிவில் ஏறத் தொடங்குகிறது. இப்போது கேபிளுக்குப் பதிலாக வைத்த நூலைப் பாருங்கள். நான் வைத்த ஒன்றரை மீட்டர் இங்கேதான். பம்பர் நூலுக்குக் கீழே போகிறது. கார் கேபிளுக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் போய்விடும். கேபிள் அறுந்திருக்காது, கம்பம்கூட அவ்வளவாகச் சாய்ந்திருக்காது.

இதனால்தான் இத்தகைய பள்ளத்தில் மையத்திலிருந்து 0.3 மீட்டர் முதல் 2.4 மீட்டர் வரை கேபிள் வைக்காதீர்கள் என்கிறது வழிகாட்டல். சரியாக நடுவிலோ, 2.4 மீட்டருக்கு அப்பாலோ வைக்கலாம். நடுவில் ஈரமும் சேறும் கம்பத்தின் அடியை இளக்கிவிடும் என்பதால் அப்பால் போவதே நடைமுறை. மறுபக்கத்திலிருந்து வரும் கார் அங்கே வந்து சேர்வதற்குள் ஸ்பிரிங் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். ஆறுக்கு ஒன்றைவிடச் செங்குத்தான சரிவில், அதற்கென்றே சோதித்த வகை இல்லாவிட்டால், கேபிளையும் நம்ப முடியாது. தகடோ கான்கிரீட்டோ என்றால் முன்னால் இருக்கும் தரை பத்துக்கு ஒன்று அல்லது அதைவிடச் சமமாக இருக்க வேண்டும்.

கான்கிரீட்டை அகல மீடியனின் நடுவில் வைக்கக் கூடாததற்கு இன்னொரு காரணம், கோணம். தடுப்பு தள்ளிப் போகப் போக வண்டி வந்து சேரும் கோணம் பெரிதாக வாய்ப்பு உண்டு. 15 பாகையில் மோதுவதைவிட 25 பாகையில் மோதும்போது சுவரை நோக்கிப் போகும் ஆற்றல் இரண்டரை மடங்குக்கும் மேல். அசையாத சுவர் என்றால் சாலைக்கு அருகே, வளையும் கேபிள் என்றால் தள்ளி. இரு சாலைகளும் வெவ்வேறு உயரத்தில் போனால் உயரமான சாலையின் விளிம்பில் வைப்பது வழக்கம், அங்கிருந்து விழுபவரைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

வளைவில் ஒரு எச்சரிக்கை. முன்னால் இருக்கும் தடையைக் கண்டு வண்டியை நிறுத்த, ஓட்டுநருக்குத் தெரிய வேண்டிய தூரத்தை நிறுத்தப் பார்வைத் தூரம் என்போம். 100 கிலோமீட்டர் வேகத்துக்கு அது 185 மீட்டர். வளைவின் உட்புறம் மீடியன் வருகிற பக்கத்தில், சாலையை ஒட்டி உயரமான சுவர் நின்றால் அந்த 185 மீட்டர் மறைந்துவிடும். தடுப்பைத் தள்ளுங்கள், இல்லை உள்தோளை அகலமாக்குங்கள். அழகுக்காக மீடியன் ஓரம் கெர்ப் கல் பதித்துவிட்டு, பின்னால் ஒரு மீட்டர் தள்ளித் தகடு வைப்பதும் தவறு. சக்கரம் கல்லில் ஏறி எகிறி, பம்பர் தகட்டுக்கு மேலே போய்விடும். கல்லின் முகமும் தகட்டின் முகமும் ஒரே கோட்டில் இருந்தால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

கடைசியாக, முனைகள். பாலத்தூணுக்கு முன்னால் கேபிளோ தகடோ போகும்போது வளைவதற்கு இடம் இருக்காது. அங்கே கம்பங்களை நெருக்கி நட்டு, தகட்டை இரட்டையாக்கி, மெல்ல மெல்லக் கெட்டியாக்கிக் கான்கிரீட்டோடு சேர்க்க வேண்டும். ஆம்புலன்ஸ் திரும்ப என்று விடும் ஒவ்வொரு இடைவெளியும் இரண்டு மொட்டை முனைகளைத் தருகிறது. ஒவ்வொன்றுக்கும் மோதல் தாங்கியோ முறையான முனைப்பகுதியோ தேவை. இடைவெளி கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் காட்டுவது அந்த இரண்டு முனைகளின் செலவைத்தான். பாதிப் பேர் கோரிக்கையைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

கதவு தட்டுகிற சத்தம் கேட்கிறதா? காரின் சொந்தக்காரர் வந்துவிட்டார்.