பிரேக்கில் கரையும் பெட்ரோல்

நேயர்களுக்கு வணக்கம்.

சிறிய கார் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இந்த வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்?" வண்டியைக் கேட்டு என்ன பயன், ஓட்டுகிறவரின் வலது காலை அல்லவா கேட்க வேண்டும் என்பேன். சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. ஒரே மாதிரி இரண்டு வண்டிகள், ஒரே சாலை, ஒரே நாள். இருவர் ஓட்டினால் இரண்டு கணக்கு வரும். நகருக்குள் அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி பிரேக்கில்தான் போகிறது. இன்றைக்கு நான் சொல்ல வந்தது முக்கியமாக அதைத்தான். மற்றதெல்லாம் அதைச் சுற்றியே வரும்.

ஒரு சின்னக் கணக்கு. காகிதமும் பேனாவும் தேட வேண்டாம், நானே போட்டுச் சொல்கிறேன். ஆட்களோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நின்ற இடத்திலிருந்து அந்த வேகத்தை எட்டுவதற்கு மட்டும் ஏறத்தாழ 15 மில்லிலிட்டர் பெட்ரோல் செலவாகியிருக்கும். தேக்கரண்டியால் அளந்தால் மூன்று கரண்டி. எரியும் பெட்ரோலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைத்தான் என்ஜின் ஓட்டத்துக்குக் கொடுக்கிறது, மீதி வெப்பமாக வெளியே போகிறது என்பதையும் சேர்த்துப் போட்ட கணக்கு இது. இப்போது முன்னால் சிவப்பு விளக்கு விழுகிறது. பிரேக்கை மிதித்து நிறுத்துகிறீர்கள். அந்த மூன்று கரண்டியும் பிரேக் தகட்டைச் சூடாக்கிவிட்டுக் காற்றோடு போய்விட்டது. இப்படி அறுபது, எழுபது தடவை நின்றால் ஒரு லிட்டர். பிரேக்கைச் சூடாக்குவதற்கென்றே ஒரு லிட்டர் பெட்ரோல் வாங்கியிருக்கிறோம்!

பிரேக்கே பிடிக்கக் கூடாது என்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆபத்து என்றால் முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டும். ஏபிஎஸ், அதாவது பலமாக மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு, உள்ள வண்டியில் அப்போது பிரேக் மிதி காலுக்கடியில் தடதடவென்று அதிரும். பயந்து காலை எடுத்துவிடாதீர்கள், அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமே அந்த அதிர்வுதான். அழுத்தியபடியே ஸ்டியரிங்கைத் திருப்பி விலகவும் முடியும். நான் குறை சொல்வது வேறு பழக்கத்தை. சிக்னல் சிவப்பாக இருப்பது இருநூறு மீட்டருக்கு முன்பே தெரிகிறது. தெரிந்த பிறகும் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே போய், கடைசி இருபது மீட்டரில் பிரேக் அடிப்பவர் ஒருவர். கண்ணில் பட்டதுமே காலை எடுத்துவிட்டு, கியரில் வைத்தபடி வண்டியை அதன் போக்கில் உருள விடுபவர் இன்னொருவர். இரண்டாமவர் நெருங்குவதற்குள் பச்சை விழுந்துவிட்டால் நிற்கவே வேண்டியதில்லை. விழாவிட்டாலும், பிரேக்கில் கொட்டுவதற்கு அவரிடம் பாதி வேகம்கூட மிச்சமில்லை. பின்னால் வருகிறவருக்கும் திடீர்ப் பிரேக்கைச் சமாளிக்கும் வேலை இல்லை. பார்வை தூரத்தில் இருந்தால் பெட்ரோலும் மிச்சம், பம்பரும் மிச்சம்.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. 1930களின் பிற்பகுதியில் பிரான்சில் சிட்ரோயன் நிறுவனத்தை நடத்திவந்தவர் பியேர் பூலான்ஜே. குதிரை வண்டியை விட்டு வராத கிராமத்து உழவர்களுக்கு ஒரு சின்னக் கார் செய்துகொடுங்கள் என்று தம் பொறியாளர்களிடம் சொன்னார். இரண்டு பேர் உட்கார வேண்டும், கூடவே 50 கிலோ உருளைக்கிழங்கு ஏற்ற வேண்டும், 60 கிலோமீட்டர் வேகம் போதும், 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோலுக்கு மேல் குடிக்கக் கூடாது. அதோடு நிறுத்தியிருந்தால் அதை யாரும் இன்று பேசமாட்டார்கள். உழுத வயலின் குறுக்கே ஒரு கூடை முட்டையோடு ஓட்டினால் ஒரு முட்டைகூட உடையக் கூடாது என்று இன்னொரு நிபந்தனையும் போட்டார். பொறியாளர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இடையில் போர் வந்தது. செய்து வைத்த மாதிரி வண்டிகள் ஜெர்மானியர் கையில் சிக்காமல் இருக்க ஒளித்து வைக்கப்பட்டன. கடைசியில் 1948இல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் அந்தக் கார் வெளியே வந்தது. பெயர் 2சிவி. 375 சிசி என்ஜின், 9 குதிரைத்திறன். பத்திரிகைக்காரர்கள் கேலி செய்தார்கள். மக்களோ வரிசையில் நின்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். 1990 வரை அது தயாரிக்கப்பட்டது.

முட்டை உடையாமல் இருக்க ஸ்பிரிங் மட்டும் நன்றாக இருந்தால் போதாது, ஓட்டுகிறவரின் காலும் ஒத்துழைக்க வேண்டும். எந்த இடத்தில் முட்டை உடையுமோ அந்த இடத்தில்தான் பெட்ரோலும் வீணாகிறது: வெடுக்கென்று கிளப்பும்போதும், சடாரென்று நிறுத்தும்போதும். உங்கள் வண்டியில் முட்டைக் கூடை வேண்டாம். பின் இருக்கையில் ஒரு பையை நிமிர்த்தி வையுங்கள். வீடு போய்ச் சேரும்போது அது நின்றுகொண்டிருக்கிறதா, விழுந்து கிடக்கிறதா என்று பாருங்கள். ஆனால் தண்ணீர் பாட்டிலைத் தரையில் உருள விடாதீர்கள். முன்னால் உருண்டு வந்து பிரேக் மிதிக்கு அடியில் சிக்கிக்கொண்டால், மிதி பாதிதான் இறங்கும். பாட்டில் கதவுப் பையில் இருக்கட்டும்.

அடுத்தது இறக்கத்தில் நியூட்ரல். இதைப் பேச ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் வானொலியை அணைக்காமல் இருந்தால் சரி. "சரிவில் நியூட்ரல் போட்டால் பெட்ரோல் மிச்சம்" என்று இன்றைக்கும் அனுபவசாலிகள் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பிய பழைய கருவியான கார்புரேட்டர் காலத்தில் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. இப்போதைய வண்டிகளில் பெட்ரோலைத் தெளிப்பது கணினி. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், அது பெட்ரோலை அறவே நிறுத்திவிடுகிறது. சக்கரம்தான் என்ஜினைச் சுற்றுகிறது, செலவு பூஜ்யம். நியூட்ரல் போட்டாலோ சக்கரத்துக்கும் என்ஜினுக்கும் தொடர்பு அறுந்துபோகிறது. அணைந்துவிடாமல் இருக்க என்ஜின் தனக்கென்று பெட்ரோலை எரித்தாக வேண்டும். சும்மா நின்று ஓடும் சிறிய என்ஜினே மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும். ஆக, மிச்சம் பிடிக்க நியூட்ரல் போட்டவர்தான் செலவு செய்கிறார். மறுபடியும் சொல்கிறேன்: கியரில் இருந்தால் செலவில்லை, நியூட்ரலில் இருந்தால் செலவு.

காசு போனால் போகட்டும், ஆபத்தைப் பாருங்கள். நீண்ட மலை இறக்கத்தில் நியூட்ரல் என்றால் வண்டியின் முழு எடையையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. பழைய ஆயில் சீக்கிரம் கொதித்து, குழாயில் ஆவிக் குமிழ் உண்டாகிவிடும். அப்போது பிரேக்கை மிதித்தால் மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. பெரும்பாலான நிறுவனங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான். சிலர் இன்னும் ஒருபடி மேலே போய்ச் சாவியையே அணைப்பார்கள். என்ஜின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி இரண்டு மூன்று மிதிப்போடு தீர்ந்துவிடும், பிறகு மிதி கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் கனத்துப் போகும். சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் செய்யும். மேட்டில் எந்தக் கியரில் ஏறுவீர்களோ, அந்தக் கியரில் இறங்குங்கள். பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் போதும்.

முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் உள்ள இடைவெளியும் இதே கணக்குத்தான். ஒட்டிக்கொண்டு போனால், அவர் பிரேக்கைத் தொடும்போதெல்லாம் நாமும் தொட்டாக வேண்டும். முன் வண்டி ஒரு மரத்தையோ கம்பத்தையோ கடந்ததும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று எண்ணுங்கள். சொல்லி முடிப்பதற்குள் நீங்களும் அதே கம்பத்தைக் கடந்துவிட்டால், நெருங்கிப் போகிறீர்கள். மழையில் இரண்டு மடங்கு எண்ணுங்கள். காரணம் உண்டு. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் 14 மீட்டர் ஓடுகிறது. மூளை பார்த்துக் கால் அசையவே அந்த ஒரு வினாடி ஆகும். உலர்ந்த சாலையில் நல்ல பிரேக் இருந்தால், மிதித்த பிறகு இன்னும் 14 மீட்டர். மொத்தம் 28. அதே வண்டி 100இல் வந்தால் மொத்தம் 80 மீட்டருக்கு மேல். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது. காற்றின் எதிர்ப்பும் அப்படியே. 80இலிருந்து 100க்குப் போனால் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். 40 கிலோமீட்டர் பயணத்தில் மிச்சமாகும் நேரமோ ஆறே நிமிடம். சாமான் இல்லாத நாளில் கூரைமேல் கம்பிச் சட்டம் எதற்கு? கழற்றி வையுங்கள்.

டயர். நான்கு டயரும் சேர்ந்து தரையைத் தொடும் இடம் நான்கு உள்ளங்கை அளவுதான். வேகம், திருப்பம், பிரேக் எல்லாம் அந்த நான்கு உள்ளங்கையின் பொறுப்பு. காற்று எவ்வளவு வைக்க வேண்டும் என்று டயரின் பக்கவாட்டில் பார்க்காதீர்கள். அங்கே இருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் வண்டிக்குரிய அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டிய தாளில் இருக்கும், முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று. டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். நெடுந்தூரம் ஓடி வந்தபின் அளந்தால் சில புள்ளிகள் கூடுதலாகக் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் குறைந்த காற்றோடு ஓட்டுவீர்கள். காற்று குறைந்த டயர் நெளிந்து நெளிந்து சூடேறும், பெட்ரோலும் தின்னும். ஓரங்கள் இரண்டும் தேய்ந்தால் காற்று குறைவு, நடு தேய்ந்தால் காற்று அதிகம், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். டயரின் மேல்பரப்பில் உள்ள பள்ளங்களுக்குள் குறுக்காகச் சின்ன மேடுகள் இருக்கும், அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். தேய்மானம் அதைத் தொட்டுவிட்டால் மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னியையும் பாருங்கள், அதை யாருமே பார்ப்பதில்லை.

சிறிய காருக்கென்றே ஒரு விஷயம். ஐந்து பேரும் பெட்டிகளுமாக ஏறினால் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு தூக்கிக்கொள்ளும். ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். பல வண்டிகளில் அதைத் தாழ்த்த ஸ்டியரிங் அருகே சிறிய திருகு இருக்கிறது, அதில் எண்கள்கூடப் போட்டிருக்கும். அன்றைக்குப் பின் டயருக்குக் காற்றும் கூட்ட வேண்டும், முந்திச் செல்லும் ஆசையும் குறைய வேண்டும். பக்கத்தில் லாரி போனால், அதன் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் உங்களுக்குத் தெரியாதபோது நீங்கள் அவருக்குத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருப்பவர்களும் சீட் பெல்ட் போடட்டும். போடாதவர் மோதலில் முன்னால் இருப்பவர் மேல்தான் வந்து விழுவார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம். பராமரிப்புக்குத் தனியாகக் குறிப்பு எழுதி வந்தேன், முட்டைக் கூடை அதைத் தின்றுவிட்டது. வேகமாகச் சொல்கிறேன். என்ஜின் ஆயிலைச் சமதளத்தில், அணைத்துச் சில நிமிடம் கழித்துப் பாருங்கள். ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் "அடுத்த மெக்கானிக் வரை போகலாம்" என்று எண்ணாமல், ஓரமாக நிறுத்தி உடனே அணையுங்கள். மஞ்சள் விளக்குக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு, சிவப்புக்குக் கிடையாது. கிளட்ச்சில் காலை ஓய்வெடுக்க வைக்காதீர்கள். என்ஜின் சூடேறிவிட்டால் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள், ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோடு திறக்காதீர்கள், உள்ளே இருப்பது அழுத்தத்தில் கொதிக்கும் நீர், முகத்தில் அடிக்கும். பேட்டரி பற்றியும் இருந்தது, கையைக் காட்டிவிட்டார்கள். நன்றி, வணக்கம்.