கார்த்திகைக்கு அகலும் பொரியும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கார்த்திகை தீபம் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகிற பண்டிகை. பௌர்ணமியை ஒட்டிக் கிருத்திகை நட்சத்திரம் கூடும் நாள், நவம்பர் பிற்பாதியிலோ டிசம்பரிலோ அமையும். காற்றும் தரையும் ஈரமாக இருக்கும், சாயந்திரம் தூறல் போட்டாலும் போடும். பொரி நமுத்துப்போவது, விளக்கு படபடத்து அணைவது, கோலம் கரைவது என்று அன்றைக்கு நம்மைச் சோதிக்கிற எல்லாவற்றுக்கும் இந்த ஈரம்தான் காரணம். இதை மனத்தில் வைத்து இரண்டு நாள் முன்பே வேலையைப் பிரித்துக்கொண்டால், விளக்கு பார்க்க வருகிறவர்களோடு நிம்மதியாக உட்கார்ந்து பேசலாம்.

முதலில் பொரி உருண்டை. இதை முதல் நாளே செய்துவிடுங்கள். நெல் பொரி 4 கப்புக்குப் பொடித்த வெல்லம் முக்கால் கப், தண்ணீர் கால் கப். பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய் 2 மேசைக்கரண்டி, பொட்டுக்கடலை ஒரு மேசைக்கரண்டி, ஏலக்காய்ப் பொடி அரைத் தேக்கரண்டி, சுக்குப் பொடி கால் தேக்கரண்டி. நெல் பொரியில் உமி ஒட்டிக்கொண்டிருக்கும். முறத்தில் புடைத்து, பிறகு ஒரு முறை கையாலும் பொறுக்கிவிடுங்கள். சாப்பிடும்போது தொண்டையில் குத்துவது அந்த உமிதான்.

மழைக்காலத்தில் பொட்டலத்தைப் பிரித்த சிறிது நேரத்திலேயே பொரி மொரமொரப்பை இழக்கும். அதனால் வெறும் வாணலியில், சிறு தீயில், இரண்டு மூன்று நிமிடம் சூடு காட்டுங்கள். நிறம் மாறக் கூடாது. தேங்காய்ப் பல்லை ஒரு கரண்டி நெய்யில் சிவக்க வறுக்க வேண்டும். பச்சையாகப் போட்டால் அதிலுள்ள தண்ணீர் கசிந்து உருண்டை மறுநாளே பிசுபிசுக்கும், சிக்கு வாடையும் வரும்.

வெல்லம் பாகு வெல்லமாகப் பார்த்து வாங்குங்கள். ஈரம் பட்டுக் கசிந்த பழைய வெல்லத்தில் எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் சரியான பாகு வராது. வெல்லம் கரைந்ததும் வடிகட்டி, மண் நீக்கி, மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். நுரை பெரிதாகப் பொங்கி, பிறகு அடங்கிச் சிறு குமிழாக மாறும்போது பதம் பார்க்க ஆரம்பிக்கலாம். ஒரு தட்டில் பச்சைத் தண்ணீர் எடுத்து அதில் அரைக் கரண்டி பாகை விடுங்கள். கரைந்து பரவினால் இன்னும் காய வேண்டும். விரலால் கூட்டினால் சேர்ந்து, அழுத்தினால் அமுங்குகிறது என்றால் அது அதிரசத்துக்கான பதம், இதற்குப் போதாது. உருட்டிய பாகை அதே தட்டின் விளிம்பில் போட்டால் 'டங்' என்று ஓசை வர வேண்டும். பொரி உருண்டைக்கு அந்தப் பதம்தான். உடனே தீயை நிறுத்துங்கள். அதற்கு மேல் அரை நிமிடம் விட்டால்கூடக் கசப்பு ஏறும்.

ஏலக்காய், சுக்கு, தேங்காய், பொட்டுக்கடலை எல்லாவற்றையும் பாகில் போட்டு, அகலமான பாத்திரத்தில் இருக்கும் பொரி மேல் ஊற்றி மரக்கரண்டியால் புரட்டுங்கள். கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு, சூட்டோடு சூடாக முதலில் லேசாகக் கூட்டி எல்லாவற்றையும் வையுங்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து அழுத்திப் பிடியுங்கள். முதல் தடவையே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் மிச்சம் பாத்திரத்தில் கட்டிப்போகும். அப்படிக் கட்டிவிட்டால் பாத்திரத்தைச் சிறு தீயில் ஒரு நிமிடம் காட்டுங்கள், இளகிவிடும். கையில் தண்ணீர் மட்டும் தொடாதீர்கள். நன்றாக ஆறிய பின்னர்தான் டப்பாவில் போட்டு மூட வேண்டும்.

அப்பத்தைப் பண்டிகை அன்று காலையில் செய்யலாம். ஒரு கப் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, முக்கால் கப் வெல்லம், ஒரு சிறிய வாழைப்பழம், 2 மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல், ஏலக்காய் சேர்த்து இட்லி மாவுப் பதத்தில் அரைத்துக்கொள்ளுங்கள். குழிப்பணியாரச் சட்டியில் நெய் விட்டுச் சிறு தீயில் சுட்டால் எண்ணெயும் குறையும். எண்ணெயில் பொரிக்கும்போது அப்பம் பிரிந்துபோனால் வெல்லம் கூடிவிட்டது என்று அர்த்தம். இரண்டு கரண்டி கோதுமை மாவு கலந்தால் சேர்ந்துவிடும். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் குருத்து ஓலையில் வைத்து அவிக்கும் ஓலைக் கொழுக்கட்டைதான் கார்த்திகைக்கு. ஓலை கிடைக்கிற ஊரில் இருப்பவர்கள் அதை விட்டுவிடாதீர்கள். கருப்பட்டியும் ஓலை வாசமும் சேர்ந்து வருகிற அந்த மணம் வேறு எதிலும் கிடைக்காது.

இனி அகல் விளக்கு. புது அகலை இரண்டு நாள் முன்பே ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். உலர்ந்த மண் அப்படியே எண்ணெயைக் குடிக்கும். ஏற்றிய அரை மணியில் விளக்கு வற்றுவதும், அடியில் எண்ணெய் கசிந்து தரை கறையாவதும் அதனால்தான். ஊறியதை எடுத்துக் கவிழ்த்து, ஒரு பகல் காயவையுங்கள். உள்பக்கம் ஈரம் இருந்தால் திரி படபடவென்று வெடிக்கும்.

பஞ்சுத் திரியை அரை மணி நேரமாவது எண்ணெயில் ஊறவைத்துப் பிறகு அகலில் போடுங்கள். நுனி கால் அங்குலம் மட்டும் வெளியே தெரியட்டும். நீளமாக இழுத்துவிட்டால் சுடர் பெரிதாகிக் கரி கட்டும், எண்ணெயும் சீக்கிரம் தீரும். நுனியில் துளி கற்பூரப் பொடி தொட்டுவைத்தால் ஒரே குச்சியில் பற்றிக்கொள்ளும். எண்ணெயை முக்கால் அளவுக்கு விட்டால் போதும். ஒவ்வோர் அகலுக்கு அடியிலும் பூவரசு இலையோ வாழையிலைத் துண்டோ வையுங்கள்.

மழை நாளில் உலர் மாவுக் கோலம் நிற்காது. மாக்கோலம் போடுங்கள். பச்சரிசியை நன்றாக ஊறவைத்து மைய அரைத்து, பால் போலக் கரைத்து, சிறு துணியை நனைத்து விரல் வழியாக இழை இழுக்க வேண்டும். தரையைத் துடைத்து முழுக்கக் காய்ந்த பிறகே ஆரம்பியுங்கள். கெட்டியாகக் கரைத்தால் காய்ந்ததும் வெடித்து உதிரும். நீர்த்தால் வெள்ளை எடுக்காது. சுற்றிக் காவி பூசி, இழைகள் கூடும் இடங்களில் அகலை வைத்தால் வேறு அலங்காரமே தேவைப்படாது. மின்சாரச் சரவிளக்குகளை அன்று ஒரு மணி நேரம் அணைத்துவைக்கச் சொல்வேன். அகலின் வெளிச்சம் அப்போதுதான் தெரியும்.

காற்றடிக்கிற பக்கமாக இருந்தால் அகலை மாடத்துக்குள்ளோ சுவர் மூலையிலோ ஒதுக்கி வையுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் படிக்கட்டில் வரிசையாக வைக்கும்போது, புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் உரசாதபடி ஒரு பக்கச் சுவரை ஒட்டி மட்டும் வையுங்கள். சன்னல் திரைகளைத் தூக்கிக் கட்டுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். எரிகிற எண்ணெயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மறுநாள் அகல்களைச் சலவை சோடா போட்ட வெந்நீரில் அரை மணி ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தால் பிசுக்குப் போய்விடும். இரண்டு நாள் வெயில் காட்டிச் செய்தித்தாளில் சுற்றி வையுங்கள். மழை விடாமல் பெய்தால், ஆறிவரும் அடுப்பின் பக்கத்தில் வைத்தாவது காயவைத்துவிட வேண்டும். ஈரத்தோடு கட்டிவைத்த அகலில் பூஞ்சை பிடித்துவிடும்.

வணக்கம்.