நூறு கெஜம் கேட்கிறேன்

மேடையில் வீற்றிருக்கும் வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, மைக் செட்டுக்குப் பணம் வாங்க மறுத்த அண்ணாச்சி அவர்களே, பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். செவிலியர் அக்காவை விட்டுவிட்டால் அடுத்த ஊசி எனக்குப் பலமாக விழும். அவருக்குத் தனி வணக்கம்.

புகையிலையைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: தாயின் ஹார்மோன், பிள்ளையின் ஹார்மோன், பீடி சுற்றும் பெண்களின் கூலி.

தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறு அடி பாயும் என்பார்கள். புகையிலையில் இது மெய். புகையிலையில் இருக்கும் நிகோடின் நச்சுக்கொடியைத் தாண்டிப் போய், தாயின் ரத்தத்தைவிடக் கருவின் ரத்தத்தில் கூடுதலாகவே நிற்கும். புகைக்கும் தாய்க்குப் படபடப்பு ஹார்மோனான அட்ரினலின் ஏறும், பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறையும், பால் சுரக்கவைக்கும் புரோலாக்டினும் குறையும். மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் தாயிடமிருந்து பிள்ளையிடம் அளவுமீறிப் போகாமல் நச்சுக்கொடியில் ஒரு நொதி காவல் நிற்கிறது. நிகோடின் பட்டால் அதுவும் தளர்வதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். பிறக்கும் பிள்ளையின் எடையில் சராசரியாக 200 கிராம் போய்விடுகிறது.

"நம்ம ஊர்ல எந்தப் பொம்பளை சார் பீடி குடிக்கிறா?" என்று முன்வரிசையில் ஒரு முணுமுணுப்பு. ஐயா, நீங்கள் திண்ணையில் விடும் புகையிலும் அதே நிகோடின்தான். வெற்றிலையோடு அதக்கும் புகையிலையிலும் அதேதான்.

ஒரு மகப்பேறு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். உள்ளே மனைவிக்கு வலி, வெளியே டீக்கடையில் புருஷன் பீடி மேல் பீடி. பெண் பிள்ளை என்று சேதி வந்ததும் ஓடிவந்து கையை நீட்டினான். மாமியார் மறித்தார்: "மருமவனே, வாயைக் கொப்பளிச்சு, சட்டையைக் கழத்திட்டுப் பிள்ளையைத் தொடுங்க." வார்டே வேடிக்கை பார்க்கிறது. அவசரத்தில் சட்டையை உருவினான். பையிலிருந்த பீடிக்கட்டு கட்டிலில் விழுந்தது. எடுத்து எறியப்போன மாமியார் லேபிளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அவர் சுற்றிக் கொடுக்கும் அதே கம்பெனி! மருமகன் மெல்லக் கேட்டான்: "அத்தே, இது நீங்க சுத்துனதா இருக்குமோ?"

சிரிக்கிறீர்கள். பாட்டி சுற்றினாள், அப்பன் குடித்தான். பதினாறு அடி பாய்ந்தது என்னவோ குட்டியிடம்தான்.

அந்தப் பீடிக்கட்டை எங்கே வாங்கினான்? ஆஸ்பத்திரி வாசலிலேயே. 2003 புகையிலைச் சட்டப்படி பள்ளி, கல்லூரியைச் சுற்றி நூறு கெஜத்துக்குள் விற்கக் கூடாது. அந்தப் பிரிவில் பிரசவ ஆஸ்பத்திரி இல்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை காத்திருக்கச் சொல்கிறதா சட்டம்? தலைவர் அவர்களே, பிரசவ ஆஸ்பத்திரியைச் சுற்றியும் அந்த நூறு கெஜம் வேண்டுமென்று அக்டோபர் 2 கிராம சபையில் ஒரு தீர்மானம் போடுங்கள்.

கூலியைப் பற்றி... மணியடித்துவிட்டார்கள். கையெழுத்துத் தாள் பின்வரிசைக்கு வருகிறது. கைநாட்டுக்கு மையும் இருக்கிறது. ஆண்கள் முதலில் போடுங்கள்.